குடமுருட்டியில் வட்டம்

வைகாசிக் குடமுருட்டியில் தண்ணீர் இல்லை.
மணல் இருக்கிறது, நாணல் இருக்கிறது,
யாரோ கழற்றிப் போட்ட மோட்டார் வால்வு இருக்கிறது.
காலை ஐந்தரைக்குப் பவுனு வருகிறாள்,
நெற்றியில் நேற்றைய ஜிகினாவோடு.
ராத்திரி திருபுவனத்தில் மாப்பிள்ளை அழைப்பு,
பதினொன்றரை வரைக்கும் பேண்டு செட்டு.
அன்சாரி லகானை என் கையில் கொடுத்துவிட்டு
டிவிஎஸ் ஃபிப்டியின் மேலேயே தூங்கிவிடுவார்.
மணிக்கு இருநூறு ரூபாய்.
பாடம் அதில் சேர்த்தி இல்லை.

முதல் மாதம்
ஏறவும் இறங்கவும் மட்டும் வந்தது.
இறங்கியதில் மூன்று, நானாக இறங்காதவை.
குடத்தையே உருட்டிய ஆறு,
மின்வாரியக் கணக்கீட்டாளர் எம்மாத்திரம்.

பவுனுக்குத் தெரிந்தது கல்யாண நடை.
நாலு எட்டு, ஒரு நிறுத்தம்.
வெடிக்கு மிரளமாட்டாள்.
அக்கரையில் டிராக்டர் ஹாரன் அடித்தால்
வீடியோக்காரனுக்காக நின்று கழுத்தை வளைப்பாள்.
நான் குதிகாலால் தட்டுவேன்.
அவள் பெருமூச்சு விடுவாள்.
இன்னும் பலமாய்த் தட்டுவேன்.
மொய் எழுதும் வரிசையில்
முண்டியடிக்கிறவளைப் பார்ப்பதுபோல்
ஒரு காது மட்டும் பின்னால் திரும்பும்.

துள்ளுநடை என்று ஒன்று இருக்கிறது.
எழுந்து, உட்கார்ந்து, எழுந்து, உட்கார்ந்து.
அவள் முதுகு தூக்கித் தரும் நேரத்தில் எழ வேண்டும்.
நான் எழும்போது அது இறங்கும்,
நான் இறங்கும்போது அது வந்து மோதும்.
ஆபீஸ் நாற்காலியில் தலையணை எதற்கு என்று
கோமளவல்லி கேட்டாள்.
மூலம் என்று சொல்லிவைத்தேன்.
குதிரை என்றால் நம்பியிருக்கமாட்டாள்.

மணல்தான் காட்டிக்கொடுத்தது.
வட்டம் போட்டோம் என்று நினைத்து
கரையேறித் திரும்பிப் பார்த்தால்,
இடப்பக்கம் சுற்றியது
நத்தை ஓடாய் உள்ளே உள்ளே சுருங்கியிருந்தது.
வலப்பக்கம் சுற்றியது மூடவே இல்லை,
நாணலுக்குள் போய் முடிந்திருந்தது.
மறுநாளும் அப்படியே.
ஒரு வாரம் குதிரைமேல் குற்றம் எழுதினேன்.

பாபநாசம் கடைத்தெருவில் மீட்டர் பார்க்கையில்
பாத்திரக்கடைக்குப் பக்கத்துக் கண்ணாடியில்
ஒரு பெண் சாய்ந்து வந்தாள்.
பதினாலு வருஷம் பை தொங்கிய இடது தோள்
வலதைவிட இரண்டு விரல் கீழே.
பை வீட்டில் இருந்த காலைகளிலும்
அந்தக் கனத்தைப் பவுனு சுமந்திருக்கிறாள்.
இந்தப் பக்கம் போகச் சொல்கிறாள் என்று
சொன்னபடியே போயிருக்கிறாள்.

பையை வலது தோளுக்கு மாற்றினேன்.
அங்கவடியிலிருந்து காலை எடுத்து,
நடையில் மட்டும் பத்துச் சுற்று.
அவள் காதைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணை
அக்கரைத் தென்னையில் வைத்தேன்,
பிறகு அதற்கடுத்த தென்னையில்.
நிறுத்த இழுக்கத் தேவையில்லை,
மூச்சை விட்டால் போதும்.
இதைக் கண்டுபிடித்தது நான் அல்ல.
ஒருநாள் தும்மினேன், நின்றுவிட்டாள்.

ஆனி மூன்றாம் தேதி.
கல்லணை திறந்த சேதி காதில் விழுந்திருந்தது.
எழுந்து, உட்கார்ந்து, எழுந்து,
எந்தச் சுற்றில் சேர்ந்தது என்று தெரியவில்லை,
மோதல் இல்லை.
என் எலும்புகளுக்கு இடையில் கொஞ்சம் இடம் கிடைத்தது.
அப்போது அவள் காது இரண்டும் முன்னால் போயின.

தண்ணீர்.
பாய்ந்து வரவில்லை.
சருகையும் நுரையையும்
ஒற்றைச் செருப்பையும் தள்ளிக்கொண்டு,
மணல் குடிக்கக் குடிக்க நின்று நின்று,
கல்யாண நடையில் வந்தது.

அன்சாரி எழுந்து கையை வீசினார், ஏறுங்க ஏறுங்க.
வட்டத்தை மூடாமல் எப்படி ஏறுவது.
அதுவும் இடப்பக்கச் சுற்று.
தென்னை, அடுத்த தென்னை,
மோட்டார் வால்வு, தொடங்கிய இடம்.
மூச்சை விட்டேன்.
பவுனு கழுத்தை நீட்டினாள்.
விரலைத் தளர்த்தினேன்,
லகான் முழுக்க அவள் பக்கம் போனது.
புதுத் தண்ணீரை மோந்தாள்,
குடிக்கவில்லை.

கரைமேல் ஏறிப் பார்த்தபோது
பாதித் தடம் தண்ணீருக்குள்.
மிச்சப் பாதி நன்றாகத்தான் வளைந்திருந்தது.
மறைந்த பாதியைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது.

"அரை மணிதான் ஆச்சு, நூறு குடுங்க போதும்"
என்றார் அன்சாரி.
சாயங்காலம் கபிஸ்தலத்தில் கல்யாணம்,
ஜிகினா ஒட்ட வேண்டும்.