எஞ்சினை அணைக்காத இரவுகள்

மொன்டானாவின் வடக்கில், குளிர்
பூஜ்யத்துக்குக் கீழே முப்பது போனால்
டீசல் கூழாகிவிடும்.
ஆகவே அந்தப் பருவத்தில் நான் ஓர் ஆட்டமும் பார்க்கவில்லை.
பெண்கள் உள்ளே ஆடினார்கள்.
நான் வெளியே எஞ்சினை ஓடவிட்டு
ஹீட்டருக்குப் பாதங்களைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பேருந்தின் மூன்று படிகள் எனக்கு ஸ்கோர் சொல்லும்.
தோற்ற கால்கள் விளிம்பில் இடறும்.
வென்ற கால்கள் நடுப்படியைத் தொடுவதே இல்லை.

நவம்பரில் வரிசையாக மூன்று இடறல்.
பயிற்சியாளர் ரிங்டால் முன் இருக்கையில்
பர்கர் சுற்றிய தாளில் அம்புக்குறிகள் போட்டார்,
பிறகு அதிலேயே வாயைத் துடைத்துக்கொண்டார்.
"மில்க் ரிவர் கல்லூரியா? அது எங்க இருக்கு?"
பெட்ரோல் பங்கில் ஒரு பையன் கேட்டான்.
"நீ போகவே போறதில்லை, விடு" என்றாள் கோரா லாங்நைஃப்.
ஐந்தடி மூன்றங்குலம்.
அவள் கைக்குப் போனால் அடுத்து எங்கே என்று
பந்துக்கே தெரியாதாம்.
நான் எங்கே பார்த்தேன், சொல்லிக் கேள்விதான்.

டிசம்பர் பத்தொன்பது, பனிப்புயல்.
நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள்.
ஒரு தானியக் கிடங்கின் மறைவில் ஒதுங்கினோம்.
விளக்குகளை அணைத்தேன்.
சற்றுப் பொறுத்துப் பின்னாலிருந்து ஒரு சத்தம்:
தப்.
தப்.
இருட்டில் பந்தை எறிந்துகொண்டிருந்தார்கள்,
இருக்கைக்கு இருக்கை, பேச்சே இல்லாமல்.
எறிபவளின் மூச்சைக் கேட்டுத்தான்
பிடிப்பவள் கை நீட்ட வேண்டும்.
கடைசியில் என் தோளருகே ஒரு மூச்சு.
ஸ்டீயரிங்கை விட்டுக் கைகளை நீட்டினேன்.
சொரசொரத்த தோல். வெதுவெதுப்பாக இருந்தது,
பன்னிரண்டு பேரின் உள்ளங்கைச் சூடு.
திருப்பி எறிந்தேன்.
யார் பிடித்தது என்று இன்றுவரை தெரியாது.

அதனால்தான் ஜெயித்தோம் என்று சொல்லமாட்டேன்.
எங்கள் ஊர் வாரப் பத்திரிகை அப்படித்தான் எழுதியது.
"இங்க்ரிட்டோட கணுக்கால் சரியாச்சு, அவ்வளவுதான்"
என்று ரிங்டால் சிரித்தார்.
இங்க்ரிட் ஹாக்னஸ், ஆறடி இரண்டங்குலம்,
கோதுமைப் பண்ணைக்காரி.
முழங்கையால் இடம் பிடிப்பாள், இடித்தவளிடமே மன்னிப்பும் கேட்பாள்.
ஜனவரி முழுக்க நடுப்படி சும்மா கிடந்தது.
பிப்ரவரியில் ஒரே ஓர் இடறல்,
அதுவும் மார்லிஸ் டுஷேன் ஷூ நாடா கட்டாததால்.

மார்ச், பில்லிங்ஸ், இறுதி ஆட்டம்.
குளிர் விட்டிருந்தது. "இன்னைக்காவது உள்ள வாங்க" என்றார்கள்.
இருபத்தெட்டு ஆட்டம் வெளியே கிடந்தவள்
இருபத்தொன்பதாவதில் உள்ளே போய்
ராசியைக் கெடுப்பானேன்?
தேவையில்லாமலே எஞ்சினை ஓடவிட்டேன்.
ரேடியோவில் நாற்பது நொடி மிச்சம், ஒரு புள்ளி பின்னால்.
அணைத்துவிட்டேன். படி சொல்லட்டும்.

வெகுநேரம் யாரும் வரவில்லை.
வந்த கால்கள் இடறவில்லை, தாவவுமில்லை.
ஒவ்வொரு படியிலும் நின்று, மூச்சு வாங்கி,
மறுபடி நின்று.
இப்படியொரு நடையை அந்தப் படிகளில் நான் கேட்டதில்லை.
கோராவும் மார்லிஸும் நடுவில் இங்க்ரிட்டைத் தாங்கி வந்தார்கள்.
முழங்காலில் பெரிய கட்டு,
கழுத்தில் மாலைபோல அறுத்தெடுத்த வலை.
"ஜெயிச்சாச்சா?"
"ஆச்சு" என்றாள். "முட்டிதான் போச்சு."
பிறகு, படியை மறித்ததற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

காலை நீட்டிக்கொள்ள அவளுக்குப் பின்வரிசை முழுவதும்.
மற்றவர்கள் இரண்டு இருக்கையில் மூவராக நெருங்கி,
ஒரு மணி நேரம் கத்தி, பாடி,
சட்டென்று எல்லோரும் தூங்கிப்போனார்கள்.

அதிகாலை மூன்றேகால்.
ஊர் எல்லையில் தீயணைப்பு வண்டி காத்திருந்தது,
சைரன் முழக்கி ஊர்வலம் போக.
முகப்பு விளக்கை இருமுறை அணைத்து ஏற்றினேன்,
உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன்.
புரிந்துகொண்டார்கள்.
சுழலும் சிவப்பு விளக்கு மட்டும் முன்னே போனது,
சத்தமில்லாமல்,
வங்கியின் சுவரில், சலூன் கண்ணாடியில்,
ஓரமாய்க் குவித்த அழுக்குப் பனியில் பட்டுப் பட்டு.

கல்லூரி வாசலில் நிறுத்தினேன்.
எழுப்ப மனம் வரவில்லை.
எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.