சைபர் தசம் நாலு

பெல்ட்டைக் கழற்றச் சொன்னேன்.
சட்டைப்பையில் திறப்புக் கோர்வை, கொஞ்சம் சில்லறை,
சீனி இறங்கினால் வாயில் போட ஒரு டொஃபி.
"இதையுமோ?" என்றார்.
அதின் வெள்ளித்தாளும் படத்தில் விழும், ஐயா.

எக்ளிண்டன் வீதியில், பல்வைத்தியருக்கும்
வருமான வரி எழுதுபவருக்கும் நடுவில் எங்கள் கிளினிக்.
ஜன்னல் இல்லாத அறை.
பதினொரு வருஷமாக ஆட்களைப் படுக்கவைத்து
மூச்சு விடலாம், அசையக் கூடாது என்கிறேன்.

புவிராஜசிங்கம். எழுபத்தொரு வயது.
புகைப்பதுண்டா? எண்பத்தொன்பதில் விட்டாச்சு.
குடி? கலியாண வீட்டில் மட்டும்.
தாய் தகப்பனுக்கு இடுப்பெலும்பு முறிந்ததா?
கூரையையே பார்த்தபடி கிடந்தார்.
"அந்த வயசுக்கு அவையை விடேல்லை, பிள்ளை."
'இல்லை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன்.
வேறு கட்டம் இல்லை.

சீனி வருத்தம் இருபத்திரண்டு வருஷம்.
காலையும் இரவும் ஊசி. பாதம் விறைப்பு.
போன கோடையில் ஒரு செருப்பு கழன்றது தெரியாமல்
மரக்கறிக் கடை வரைக்கும் நடந்தாராம்.
கடைக்காரப் பெடியன்தான் காட்டினானாம்.
சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.
அதை எழுதவும் படிவத்தில் இடமில்லை.

மெஷினின் கை அவருக்கு மேலால் போய் வந்தது.
முதுகின் நாலு முள்ளெலும்பு, பிறகு இடுப்பு,
வரி வரியாகத் திரைக்கு வந்தன.
மைனஸ் சைபர் தசம் நாலு.
பச்சைப் பட்டைக்குள்.

"பச்சை நல்லதெல்லே?"
டொக்டர் சொல்லுவார், ஐயா.
எனக்கு அனுமதிக்கப்பட்ட வசனம் அது ஒன்றுதான்.

"அப்ப இது ஏன் முறிஞ்சது?"
இடது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார்.
போன மாசியில், குப்பைப் பெட்டியை வீதிக்கு இழுக்கையில்
ஐஸில் வழுக்கி, நின்ற உயரத்திலிருந்து விழுந்தது.
மாடியிலிருந்து அல்ல. ஏணியிலிருந்தும் அல்ல.

நான் பேசாமல் இருக்க, அவரே சொன்னார்:
"ஸ்காபரோவில முப்பது வருஷம் பாண் போட்டனான்.
மாவுக்குச் சீனி கூடினா கரை கெதியாச் சிவக்கும்.
தராசில வை, அதே நிறைதான்.
வளைச்சுப் பார், டக்கெண்டு போகும்.
உங்கட மெஷின் நிறுக்குது.
வளைச்சுப் பாக்கிறேல்லை."

இரண்டு கருத்தரங்கு, ஒரு சான்றிதழ்.
சீனிக்காரரின் எண் நல்லாயிருக்கும்,
எலும்பு எண்ணைக் கேட்டு நடக்காது என்று
நானும் எங்கோ படித்ததுதான்.
யாரும் பாணில் வைத்துச் சொல்லித் தரவில்லை.

பின்னேரம் டொக்டர் மெகொனென் எடுத்தார்.
மூட்டுவாதக் கட்டத்தில் ஒரு சரி போட்டுக் கணக்கிடு.
அவருக்கு மூட்டுவாதம் இல்லையே?
இல்லை. சீனிக்கு இதில் கட்டம் இல்லை.
கிட்ட இருக்கிற பொய் அதுதான்.
போட்டேன்.
நூற்றுக்கு ஒன்பது பதின்மூன்றாகியது.

ஆனால் அது பின்னேரம்.
அதற்கு முன், பதினொன்றேகாலுக்கு,
கட்டில் ஓரத்தில் இருந்து சப்பாத்துப் போட்டார்.
கால் முழுதாய் உள்ளே போய்விட்டதா என்பதை
காலிடம் கேட்கவில்லை.
குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு,
கண்ணால் பார்த்தார். மற்றக் காலையும்.

வெளியே கார் நிறுத்துமிடத்துக்கு
இன்னும் உப்புப் போடவில்லை.
டொஃபியைக் கையில் கொடுத்தேன்.
கதவைப் பிடித்தபடி நின்றேன்,
தேவைக்கு அதிகமான நேரம்.