மூன்றாம் லெவல்: வடகடல்

தங்கச்சிமடத்தைக் காலி செய்தது நான்தான்.
பெருங்குடியில், ஏழாவது மாடியில், ஏசி குளிரில்,
மனிதர்களை ஒவ்வொருவராக அழித்துவிட்டு
வீடுகளை மட்டும் விட்டேன்.
மாதா கெபியில் மெழுகுவத்தி எரியும்,
ஏற்றியவர் இல்லை.
ஐஸ் பேக்டரியில் கட்டிகள் சறுக்கி விழுந்து உடையும்,
அள்ள ஆளில்லை.
பேருந்து நிறுத்தத்தில் ஒற்றைச் செருப்பு.
(செருப்பு தர்ஷனின் யோசனை.
பேய் விளையாட்டு என்றால் ஒரு செருப்பு வேண்டுமாம்.)

ஊரை அளந்து வர இரண்டு வாரம் கொடுத்தார்கள்,
நான் பிறந்த ஊர் என்று சொன்ன பிறகும்.
சுவர்களின் உப்புக் கறையைப் படமெடுத்தேன்.
பாம்பன் பாலத்தடியில் மைக்கைத் தொங்கவிட்டு
தூணைத் தண்ணீர் உறிஞ்சும் சத்தத்தைப் பிடித்தேன்.
அதை நாலில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டினால்
யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு
பக்கத்திலேயே நிற்பதுபோல் இருக்கும்.

பயம் போதவில்லை என்றார்கள்.
உடைமரங்களுக்குள் ஒரு பெண்ணை நிறுத்தினேன்,
ஈரச் சேலை, தரை தொடும் கூந்தல்.
முகம் வரைய நாளில்லை.
முகமில்லாததுதான் அபாரம் என்று மெயில் வந்தது.

மூன்றாம் லெவல் கடலில்.
வரைபடம் முடியும் இடத்தில்
கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு.
எந்த விளையாட்டிலும் உலகம்
எங்கேயாவது முடிந்துதானே ஆக வேண்டும்.
தாண்டினால் ஒரு வெள்ளை வெளிச்சம் வந்து ஆளைப் பிடிக்கும்.
யோசித்து வைத்ததில்லை, சத்தியமாக.
மற்ற பேய்களுக்கு எலும்பு, தசை, நடை எல்லாம் செய்ய வேண்டும்.
வெளிச்சத்துக்கு ஒரு கூம்பு போதும்.

தடைக்காலத்தில் லேப்டாப்போடு ஊருக்கு வந்தேன்.
வலைக் கொட்டகையில் நாலைந்து பேர்.
செருப்பைப் பார்த்துச் சிரித்தார்கள்.
முகமில்லாதவளைக் கிளாட்வின் மூன்று சுற்றுச் சுற்றினான்,
"எங்க சின்னம்மா கணக்கா நிக்கிறா" என்றான்.
"காத்து தப்பு. இந்த மாசம் வாடை ஏது? கச்சான் வை."
குறித்துக்கொண்டேன்.

எமெரிட் மூன்றாம் லெவலுக்குப் போனார்.
இறால் அந்தப் பக்கம் என்று நான் எழுதவே இல்லை.
கை தானாகத் திருப்பியது.
வெளிச்சம் வந்தது.
பின்னாலிருந்து யாரோ பீடியை அணைத்தார்.

"ஓட எது?"
எக்ஸ்.
"குனிய?"
வட்டம்.
"கையத் தூக்க?"

பட்டன்களைப் பார்த்தேன்.
சுட ஒன்று, ஏற ஒன்று, டார்ச் அடிக்க ஒன்று,
கதவை மெதுவாகத் திறக்க ஒன்று, வேகமாகத் திறக்க ஒன்று.

எமெரிட் கருவியைத் தரையில் வைத்தார்.
இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு
லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார்.
திரைக்குள் அவர் ஆள்
என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.
வெளிச்சம் மூடியது.
பாம்பன் தூண் மூச்சை அடக்கியது.

"மொதல்ல இன்ஜின நிறுத்திரணும்" என்றார்,
பஸ் ஸ்டாண்டுக்கு வழி சொல்வதுபோல.
கை இறங்கவில்லை.
கிளாட்வின் டீ வாங்கப் போய்விட்டான்.

சென்னைக்குத் திரும்பி அந்தப் பட்டனை வைத்தேன்.
அழுத்தினால் என்ன ஆகும் என்றான் தர்ஷன்.
கையைத் தூக்குவான்.
வெளிச்சம் போய்விடுமா?
சில நாள் போகும்.
சில நாளா? விதி வேண்டும்,
எத்தனை நொடி தூக்கினால் தப்பலாம்?

எமெரிட்டுக்குப் போன் போட்டேன்.
தடை முடிந்திருந்தது. பின்னணியில் ஐஸ் உடைத்தார்கள்,
யாரோ டோக்கன் நம்பரைக் கத்தினார்.
"எங்களுக்கு விடியிற வரைக்கும்.
ஒங்களுக்கு எவ்வளவு தோதோ
அவ்வளவு வச்சுக்க புள்ள."

எட்டு நொடி வைத்திருக்கிறேன்.
நீளம் என்கிறார்கள்.
சோதித்தவர்களில் பாதிப் பேர்
மூன்றாம் நொடியிலேயே கையை இறக்கிவிடுகிறார்கள்.

செருப்பை எடுத்துவிட்டேன்.