நாலாவது க்ளிக்

ஒரு டாக்ஸிக்கு இரண்டு பேர்.
பகலுக்கு செலின், இரவுக்கு நான்.
சாவியை மூஞ்சிக்கல் பெட்ரோல் பங்க்கில் விட்டுப்போவோம்.
அவரை நேரில் பார்த்தது இரண்டே முறை.
ஆனாலும் உயரம் தெரியும்:
இருக்கை முன்னே இழுத்துக் கிடக்கும்,
கண்ணாடி குனிந்திருக்கும்,
தலைதாங்கி அடிவரை இறங்கியிருக்கும்.

இருக்கையைத் தள்ளிவிடுவேன், முட்டி இடிக்குமே.
கண்ணாடியையும் திருப்புவேன்.
தலைதாங்கி இடிக்கவும் இல்லை, எதுவும் கேட்கவும் இல்லை.
என் சட்டைக் காலர் உயரத்தில்
எட்டு மாதம் சும்மா இருந்தது.
சொகுசுக்கு வைத்தது என்றே நினைப்பு.
சவாரிக்காரர்களும் அப்படித்தான்,
ஈரத் துண்டைக் காயப்போடுவார்கள்.
பிள்ளைக்கு மலை தெரியவில்லை,
உருவி டிக்கியில் போடுங்கள் என்பார்கள்.

ஐப்பசி மழை.
டம்டம் பாறைக்குக் கீழே ஒரு வளைவில்
காட்டுமாடு, ஒற்றை,
சாலைக்குப் பட்டா வைத்திருப்பதுபோல் நின்றது.
நானும் நின்றேன்.
பின்னால் வந்த கேரட் டெம்போ நிற்கவில்லை.

பெரிய அடி இல்லை, பம்பர்தான்.
முதுகை இருக்கை பிடித்துக்கொண்டது.
தலையைப் பிடிக்க ஆளில்லை.
கழுத்து அந்த விளிம்பில் மடங்க
ஒரு நொடி வண்டியின் கூரையைப் பார்த்தேன்.
எண்ணெய்க் கறை ஒன்று, அதுவரை பார்த்ததே இல்லை.
மாடு திரும்பி எங்களைப் பார்த்தது.
அதற்கு எவ்வளவு சுளுவாகத் திரும்புகிறது!

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு
என்றார் டெம்போக்காரர்.
எங்கே போச்சு அண்ணே,
பாதி வழியில் கழுத்தில் இறங்கிக்கொண்டது.

ஆறு வாரம் கழுத்துப்பட்டை.
யார் கூப்பிட்டாலும் முழு உடம்போடு திரும்பினேன்,
கல்யாண போட்டோவுக்கு நிற்கும் மாமாவைப்போல.

மறுபடி வண்டியேறிய இரவு
தலைதாங்கியின் இரும்புக் கால்களில்
நகப்பூச்சுக் கோடுகள் இரண்டு.
ஒன்று சிவப்பு. நாலாவது காடியில் இருந்தது வெள்ளி.
ஸ்டியரிங்கில் ஒரு மருந்துச் சீட்டு, பின்பக்கம் எழுத்து:
“வெள்ளி உங்களுக்கு. உச்சந்தலைக்குச் சமமா வரணும்.
பின்மண்டைக்கும் அதுக்கும் ரெண்டு விரல் இடைவெளி, அதுக்கு மேல வேண்டாம்.
இறக்கினது நான். ஏத்திவெச்சுட்டுப் போயிருக்கணும்.”

உங்கள் தப்பில்லை என்று எழுதப் பேனா தேடினேன்.
அதற்குள் பஸ் ஸ்டாண்டிலிருந்து சவாரி வந்துவிட்டது.
இன்னும் எழுதவில்லை.

ஏற்றுவதற்குத் தூக்கினால் போதும்.
இறக்கத்தான் பொத்தானை அழுத்த வேண்டும்.
விடிவதற்குமுன், பங்க்குக்கு வெளியே,
மூன்று க்ளிக் இறக்கிச் சிவப்பில் நிறுத்துகிறேன்.
சாயங்காலம் வந்தால் வெள்ளியில் நிற்கிறது.

நேற்று வத்தலக்குண்டிலிருந்து ஒருவர்
ஏறியதுமே முன்னிருக்கைத் தலைதாங்கியை உருவப் பார்த்தார்.
அதில் கை வைக்காதீர்கள் என்றேன்.
பண்ணைக்காடு பிரிவு வரை
என்னோடு பேசவே இல்லை.