சொந்தக்காரர்

மருமகன் நிரோஜன் பங்குனியில் வந்து
போகும்போது மேசையில் விட்டுப்போன போன்
எங்கள் எந்தச் சிம்மையும் ஏற்கவில்லை.
டயலொக் போட்டேன். செல்லுபடியாகாது.
மனைவியின் மொபிட்டெல். செல்லுபடியாகாது.
எதிர்வீட்டு டிலக்சனின் ஹட்சைக் கடன்வாங்கிப் போட்டேன்,
அதே வசனம், அதே மரியாதை.

வைஃபை மட்டும் பிடித்தது.
உப்புவெளி விடுதி மதிலோரம்
வெள்ளைக்காரர் முட்டை சாப்பிடும் மேசைக்குப் பின்னால்
தண்ணீர்த் தாங்கியின் கீழே இரண்டு கோடு.
மதிலை விட்டு மூன்றடி தள்ளினால்
கையில் வெறும் கண்ணாடி, தலை வாரலாம்.

எனக்கோ வேலை கடலில்,
திமிங்கிலம் காட்டப் போகிற படகு.
சுவாமி மலை தாண்டினால் ஒரு கம்பெனி செத்துப்போகும்,
மற்றது கொஞ்சம் இழுத்துக்கொண்டு கிடக்கும்.
எங்கே ஊதுகிறது என்று அடுத்த படகுக்காரன் சொல்வது
உயிரோடிருக்கிற கோட்டில்தான் வரும்.

என்.சி. வீதியில் அஸ்மீரிடம் கொண்டுபோனேன்.
பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னான்:
"உடைக்கலாம் அண்ணன், பதினையாயிரம்.
ஆனா அப்டேட் வந்தா திரும்பப் பூட்டிக்கொள்ளும்.
இது லண்டன் கம்பெனிப் பூட்டு.
சொந்தக்காரர் கேட்டா சும்மாவே திறப்பாங்க."
பிறகு கேட்டான்:
"சொந்தக்காரர் ஆரு?"

பில் அக்காவின் பெயரில்.
சாம்பல்தீவுக் காணி விற்றதோடு
நானும் அவளும் கதைத்து நாலு வருஷம்.
அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் என்பது
அஸ்மீரின் கடைவாசலில், பஸ் புகைக்குள் நின்று
யோசித்தபோதுதான் உறைத்தது.

அவன் எடுத்துத் தந்த பதினைந்து இலக்கமும் உள்ளங்கையில்.
பின்னேரம் சொல்லாமல் கொள்ளாமல் மழை.
மதிலோரம் குந்தியிருந்து வட்ஸ்அப்பில் எடுத்தேன்.
"ஆரு?"
பெயரைச் சொன்னேன்.
அங்கே ஒரு கேத்தில் கொதித்து அடங்கும் சத்தம்.
சுகமா என்று அவளும் கேட்கவில்லை, நானும்.
விஷயத்தைச் சொன்னேன்.
"நம்பரைச் சொல்லு."

மூன்று என்றேன். மூன்று என்றாள்.
ஐந்து. ஐந்து.
சைபர் என்றேன், அவளும் சைபர் என்றாள்,
அவள் பெற்ற பிள்ளை சீரோ என்பான்.
ஒன்பதாவது மழையில் கரைந்துபோயிருந்தது,
ஒன்றா ஏழா,
கையை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தேன்.
"அவசரமில்லை, பாத்துச் சொல்லு."
ஏழு.
ஏழு.
கடைசி இலக்கமும் முடிந்தபிறகு
"வேறை?" என்றாள்.
"வேறை ஒண்டுமில்லை."
அவள் வைத்தாளோ,
விடுதிப் பையன் ரவுட்டரை நிறுத்தினானோ,
இன்றுவரை தெரியாது.

பத்தாம் நாள் திறந்தது.
இப்போது எந்தச் சிம்மும் போகும்.
ஊசிக்குப் பதில் ஒரு தூண்டிலை நிமிர்த்தி வைத்திருக்கிறேன்.
கோட்டை மறையும் இடத்தில் இஞ்சினைக் குறைத்து
ஒன்றைக் கழற்றி மற்றதைப் போடுவேன்.
நகமளவு தகடு, ஈரக்கை,
நழுவினால் எத்தனை பாகம் ஆழமென்று
எனக்கே தெரியாத இடம்.

இன்றைக்கு மூதூர்ப் பக்கமாக ஊதியது.
ஜெர்மன்காரர் எட்டுப் பேரும் வலப்பக்கம் சாய
படகும் சாய்ந்தது.
அந்த நேரம் பார்த்து ஒரு கோடு எழும்பி
அக்காவின் மெசேஜ் விழுந்தது:
"திறந்திட்டுதோ?"

ஓம் என்று அடித்தேன்.
காணி என்று அடித்து, அழித்தேன்.
அனுப்ப முன் கோடு போய்விட்டது.
தட்டினேன், ஒரு மணிக்கூடு.
மற்றச் சிம்மைப் போட்டேன்,
ஒற்றைச் சரி வந்து நின்றது.

வாலைத் தூக்குகிறது, வாலைத் தூக்குகிறது என்று
அவர்கள் தங்கள் பாஷையில் கத்துகிறார்கள்.
நான் அணியத்தைக் கரைப்பக்கம் திருப்பினேன்,
அதிகமில்லை,
இரண்டாவது சரி விழுகிறதோ என்று பார்க்கிற அளவுக்கு.