நாலில் ஒரு விளக்கு

ருவைஸில் இரவு ஒன்பதுக்கும் முப்பத்தெட்டு டிகிரி.
பேருந்துக் கண்ணாடி வெளிப்பக்கம் வேர்க்க
உள்ளே நாங்கள் விறைத்துக்கொண்டு போகிறோம்,
பராக்காவுக்கு, முக்கால் மணி நேரம்.

பாதுகாப்பு வகுப்பில் எஞ்சினியர் ஷம்மா சொன்னாள்:
"நாட்டில் நாலு விளக்கு எரிந்தால்
ஒன்று நம்முடையது."
எரிக்காமல் மிச்சம் பிடித்த வாயு
கப்பலேறிக் காசாகத் திரும்புகிறதாம்.
அந்த 'நம்மு'க்குள் நான் இருக்கிறேனா என்று
கேட்க வாய் வரவில்லை,
ஹெல்மெட்டை நேராக்கிக்கொண்டேன்.

உலையை நான் பார்த்ததில்லை.
வேலிக்கு அப்பால் கவிழ்த்து வைத்த
நாலு குண்டான், அவ்வளவுதான்.
நான் கடல் வாயில் சல்லடை காக்கிறவன்.
இந்தப் பக்கம் குடித்து
அந்தப் பக்கம் வெந்நீராய்த் துப்புகிற வாய்.
பாசி, நண்டு, ஒற்றைச் செருப்பு
எது வந்தாலும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.
ஆமை வந்தால் அதற்குத் தனிப் படிவம்.

வேலைக்கு மனுப் போட்டபோது
'அணுமின் நிலையத்தில் முன் அனுபவம்' என்றொரு கட்டம்.
கூடங்குளத்தை மறித்து
இடுப்பளவு கடலில் நின்றதை எழுத முடியுமா?
அதற்கு விழுந்த வழக்கு
என் பாஸ்போர்ட்டை நாலு வருஷம் தின்றது.
'கடல்' என்று எழுதினேன்.
எடுத்துக்கொண்டார்கள்.

ஜூலையில் ஒரு ராத்திரி
காற்று செத்துக் கிடந்தது.
விளக்கொளியில் தண்ணீர்
அரிசி களைந்தது போல வெளுத்தது.
"சொறி வருது" என்றேன் வாக்கி டாக்கியில், தமிழிலேயே.
பிறகு ஆங்கிலத்துக்கு அலைந்து
"ஜெல்லி மேடம், ஜெல்லி."
திரையில் எல்லாம் பச்சையாக இருக்கிறதே என்றாள்.
இன்னும் அரை மணி என்றேன்.
எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை.
ஆள் அனுப்பினாள்,
சற்றைக்கெல்லாம் தானும் வந்தாள்,
அபாயாவுக்கு மேலே ஆரஞ்சுச் சட்டையோடு.

கண்ணில்லை, எலும்பில்லை,
எதிர்ப்பென்று ஒரு சொல்லுமில்லை.
வந்து வந்து அப்பிக்கொண்டன.
வாரிக் கொட்டினோம்,
நேபாளத்து தாமாங், சிலேட்டைச் சேர்ந்த ரொகிபுல், நான்.
பதினோரு தொட்டி நிரம்பியது.
எங்கோ துபாயில் யாரோ
குளிர் போதவில்லையென்று
இன்னொரு டிகிரி குறைத்திருப்பார்கள்.
விடிந்தபோது அறிக்கையில் ஒரே வரி:
குறிப்பிடத்தக்க நிகழ்வு ஏதுமில்லை.

காடியை ஊற்றியும் கை எரிகிறது.
வீடியோவில் கித்தேரி:
"கையில என்ன சிவப்பு?"
"சொறி."
"இங்கயும் அதேதான். வலை பூரா."
அவள் முதுகுக்குப் பின்னால் இன்வெர்ட்டர்
பீப், பீப் என்றது,
போன மாதச் சம்பளத்தில் வாங்கியது.
ஜன்னல் வழியாகப் பார்த்தால்
அந்த ரெண்டு குவிமாடமும் தெரிகிற வீடு.
"அங்க கரண்டு போகுமா?"
"போகாது" என்று
நான் சொன்னது கேட்டதோ இல்லையோ,
திரை கறுத்துவிட்டது.