பசை

டோர்ட்முண்டில், மியூன்ஸ்டர் தெரு
பழஞ்சாமான் கடையின் கண்ணாடிக்குள்
எங்கள் கேம் கன்சோல்.
முதுகில் ஸ்டிக்கர் உரித்த இடத்தில் பசை,
அதில் எந்த வீட்டதோ ஒரு நாய்மயிர்.

"தொடர் எண்?" என்றாள் பொலிஸ்காரி.
எண் இருந்த பெட்டியை நான்தான்
பழைய பேப்பரோடு போட்டிருந்தேன்.

மிதுஷா முந்திக்கொண்டாள்:
"இடப்பக்கக் குமிழைத் தொடாதேங்கோ,
அது தன்ர பாட்டில மேற்கே போகும்."
போனது.
"குதிரைக்குப் பேர் இடியப்பம்."
கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டு
இ, டி, என்று எழுத்தெழுத்தாய் வாசித்தார்.
விலைச்சீட்டைத் தானே கிழித்தார்.

பஸ் நிறுத்தத்தில்
அந்தப் பசையைச் சுரண்டிவிடக் கை நீட்டினேன்.
அவள் திரையிலிருந்து நிமிரவில்லை.

"அப்பா, குதிரை பட்டினி கிடக்கேல்லை.
பத்தொன்பது நாளும்
ஆரோ புல்லுப் போட்டிருக்கினம்."